கடல் மேல் ஒரு சின்னக் குடித்தனம்

கப்பலில் உல்லாசப் பயணம் என்றதும் நம் கண்முன் வருவது நீச்சல் குளமும், ஜொலிக்கிற விளக்குகளும், நாள் பூராவும் பரிமாறுகிற சாப்பாட்டுக் கூடமும்தான். அதெல்லாம் இருப்பது வாஸ்தவம். ஆனால் அந்த அரண்மனைக்குள் நமக்கென்று ஒதுக்கியிருக்கும் இடம் எவ்வளவு தெரியுமா? எங்களுக்குக் கிடைத்த அறை குளியலறையையும் சேர்த்து சுமார் 150 சதுர அடி. பத்துக்குப் பதினைந்து! அதில் நாலு பேர், நாலு பெட்டி, மூன்று ராத்திரி. ஜன்னல் கிடையாது. கட்டணம் குறைவான உள்பக்க அறை அது.

2024 மே மாதம், சிங்கப்பூரில் கப்பலேறி, மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்கு போய்த் திரும்பினோம். நான், என் கணவர், எட்டு வயது மகள், எழுபது வயது அத்தை. அத்தைக்குச் சர்க்கரை உண்டு; இரண்டு வேளை இன்சுலின். முழங்கால் வலியும் உண்டு. ராத்திரி இரண்டு முறையாவது எழுந்திருக்க வேண்டும். "இவங்களை அந்த டப்பாவுக்குள்ள கூட்டிட்டுப் போகப் போறியா?" என்று உறவினர் எல்லோரும் கேட்டார்கள்.

கூட்டிப் போனதற்குக் காரணம் இருந்தது. அத்தை பிறந்தது பினாங்கில். அவருடைய அப்பா அங்கேயே காலமானபோது அத்தைக்குப் பத்து வயது. 1964ல் அவருடைய அம்மா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினம் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு அறுபது வருஷம் அத்தை அந்தப் பக்கம் போகவே இல்லை. "எங்கப்பா என்னைத் தூக்கிட்டுப் போன மாரியம்மன் கோயில்ல ஒரு கற்பூரம் ஏத்திட்டு வந்துடணும்" என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. கப்பல் பினாங்கில் நிற்பதோ சில மணி நேரம். கோயில் மத்தியானம் நடை சாத்திவிடும். ஆக, அறைக்குள் சாமான் தேடி அரை மணி நேரம் போனால்கூட எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

ரஜூலா சொல்லித் தந்த பாடம்

ரஜூலாவைப் பற்றிச் சின்னவர்களுக்குத் தெரியாது. 1926ல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. 5,000க்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்றிக்கொள்ள ஒரு காலத்தில் அதற்கு உரிமம் இருந்ததாம். அறை கிறை எல்லாம் பணக்காரர்களுக்குத்தான். மற்றவர்களுக்குத் தளத்தில் பாய் விரிக்க எவ்வளவு இடம் கிடைக்கிறதோ அதுதான் வீடு. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, கடலிலேயே நிற்கும். படகில் இறங்கிக் கரைக்கு வர வேண்டும்.

"எங்கம்மா ஒரு பாயில மூணு பேர் குடித்தனத்தை நடத்தினாங்கம்மா" என்றார் அத்தை. "தலைமாட்டுல டிரங்குப் பெட்டி. கால்மாட்டுல செருப்பு. நடுவுல தண்ணிக் கூஜா. எந்தச் சாமானும் அது இடத்தை விட்டு நகரக் கூடாது. இருட்டுல கையை நீட்டினா கூஜா கையில வரணும்."

இதைவிட நல்ல யோசனை எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. பாய்க்குப் பதிலாக அறை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மஞ்சப்பை முறை

பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது கிளறித் துணி எடுப்பது அந்த அறையில் நடக்காத காரியம். ஒரு பெட்டியைத் திறந்தால் நடைபாதை அடைபட்டுவிடும். அதனால் வீட்டிலேயே நாளுக்கு ஒரு மஞ்சப்பை என்று வைத்துக்கொண்டோம். இரண்டாம் நாள் பையில் நாலு பேருடைய அன்றைய உடுப்பும், உள்ளாடையும், கைக்குட்டையும் ஆளுக்கு ஒரு சுருளாக இருக்கும். காலையில் அந்த ஒரு பையை மட்டும் எடுத்தால் போதும். சாயங்காலம் காலியான பை அழுக்குத் துணிக்கு ஆகிவிடும். ராத்திரி உடுப்புக்கு மட்டும் தனியாக ஒரு பை.

அத்தைக்குப் பருத்திப் புடவைதான் பழக்கம். ஆனால் ஜன்னலில்லாத அறையில் ஆறு கெஜம் பருத்தி காய்வதற்குள் பயணமே முடிந்துவிடும். சீக்கிரம் உலர்கிற இரண்டு சின்தடிக் புடவை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கோயிலுக்கென்று ஒரே ஒரு சுங்குடி. குளியலறையில் குழந்தையின் சின்னத் துணி காயப்போடுகிற அளவுக்கு இழுத்துக் கட்டும் கயிறு இருந்தது. ஈரத்துண்டில் சுருட்டிப் பிழிந்துவிட்டுப் போட்டால் காலைக்குள் காய்ந்துவிடுகிறது.

சுவரே அலமாரி

கப்பல் அறையின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. ஆணி அடிக்க முடியாது. ஒட்டுவதற்கும் அனுமதி இல்லை. ஆனால் காந்தம் ஒட்டும்! பாரிமுனைக் கடை ஒன்றில் காந்தக் கொக்கிகள் ஒரு டஜன் வாங்கிப் போனேன். தொப்பி, துண்டு, கைப்பை, கண்ணாடிக் கூடு எல்லாம் சுவரில் ஏறிவிட்டன. துணியில் தைத்த பல அறைப் பை ஒன்றை இரண்டு கொக்கியில் மாட்டினேன். சீப்பு, பேஸ்ட், மகளின் ஹேர்பேண்ட், போன் சார்ஜர் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பாக்கெட். ஒரு எச்சரிக்கை: நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் உங்களுடன் வந்தால் இந்தக் கொக்கிகளை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்; அவர்கள் படுக்கிற பக்கமும் வைக்காதீர்கள்.

கட்டில்களின் அடியில் பெட்டி வைக்க இடம் விட்டிருக்கிறார்கள். அறைக்கு வந்த முதல் அரை மணி நேரத்திலேயே பெட்டிகளைக் காலி செய்து, அலமாரியில் அடுக்கிவிட்டு, காலிப் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். பிறகு கடைசி ராத்திரி எடுத்தால் போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு, அறை வாசலுக்குப் பிறகுதான் கொண்டு வருவார்கள். அதற்குச் சில மணி நேரம் ஆகலாம். மருந்து, பாஸ்போர்ட், குழந்தைக்கு ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையிலேயே இருக்கட்டும்.

அயர்ன் பாக்ஸ், கெட்டில், ரைஸ் குக்கர் எதையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தீ பயத்தால் கப்பலில் இவற்றுக்குத் தடை. சர்ஜ் தடுப்பு வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் பல கப்பல்களில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அறையில் பிளக் பாயின்ட் ஒன்றோ இரண்டோதான். நாலைந்து போனுக்குச் சேர்த்துச் சார்ஜ் ஏற்றுகிற ஒரே சார்ஜர் இருந்தால் சண்டை மிச்சம்.

யாருக்கு எந்தப் படுக்கை?

கீழே இரண்டு கட்டில். மேலே சுவரோடு மடித்து வைத்த இரண்டு படுக்கை. ராத்திரி இறக்கிவிட்டு, காலையில் மடித்து வைக்க அறைப் பணியாளரிடம் சொன்னால் செய்து தருகிறார். பகலில் மடித்து வைத்தால்தான் கீழே தலை நிமிர்ந்து உட்கார முடியும்.

குளியலறைப் பக்கத்துக் கீழ்க்கட்டில் அத்தைக்கு. எதிர்க்கட்டிலில் நான். அப்பாவும் பெண்ணும் மேலே. தடுப்புக் கம்பி இருந்தாலும் மேல்படுக்கை சின்னக் குழந்தைகளுக்கு ஆகாது. ஏணியில் ஏறி இறங்கத் தெரிந்த பிள்ளையாக இருக்க வேண்டும். "அப்பாயி, நான் மாடியில, நீ கீழ் வீட்டுல!" என்று எங்கள் வீட்டு வாலுக்கு ஒரே சந்தோஷம்.

உள்பக்க அறையில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. உச்சி வேளையா நடு ராத்திரியா என்றே தெரியாது. பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்றைக் குளியலறைக் கதவோரம் காந்தத்தில் ஒட்டிவைத்தேன். அந்தக் கதவின் அடியில் தண்ணீர் வெளியே வராதபடி உயரமான படி ஒன்று இருக்கும். வயதானவர்களுக்கு அதுதான் ஆபத்து. அத்தையைப் பகலிலேயே நாலு தடவை ஏறி இறங்கிப் பழகச் செய்தோம். கழிவறையில் தண்ணீர் ஊற்றி அடிப்பது கிடையாது. பொத்தானை அமுக்கினால் காற்று உறிஞ்சும், சத்தம் தூக்கிவாரிப் போடும். முதல் தடவை, "ஏம்மா, இது என்னையும் சேத்து இழுத்துடும் போலிருக்கே!" என்றார் அத்தை. நாப்கின், குழந்தை டயபர் எதையும் அதில் போடவே கூடாது. அடைத்துக்கொண்டால் பக்கத்து அறைகளுக்கும் சேர்த்துத் தொல்லை.

மருந்து மூலை

மேஜையின் ஒரு மூலை அத்தையின் மருந்துக்கு மட்டும். வேறு சாமான் அங்கே போகக் கூடாது என்று சட்டம். உபயோகத்தில் இருக்கிற இன்சுலின் பேனா, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்கு மேல் போகாத அறையில் சுமார் நாலு வாரம் கெடாமல் இருக்கும் (உங்கள் மருந்துப் பெட்டியில் போட்டிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள்). திறக்காத பேனாவுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சி வேண்டும். அறையில் இருக்கும் குட்டிப் பெட்டி சில கப்பல்களில் அவ்வளவு குளிராது. முன்கூட்டியே கேட்டால் மருந்துக்கென்று ஏற்பாடு செய்து தருகிறார்கள். போட்ட ஊசியைக் குப்பையில் எறியாதீர்கள். துப்புரவு செய்பவர் கையில் குத்திவிடும். அதற்கென்று ஒரு டப்பா கேட்டு வாங்குங்கள். சிங்கப்பூர், மலேசியா நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குமட்டலுக்கு மாத்திரை வாந்தி வந்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை. முன்னாலேயே போட வேண்டும். குழந்தைக்கு அளவை டாக்டரே சொல்லட்டும். தலை சுற்றினால் அறைக்குள் சுருண்டு படுக்காமல் மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பாருங்கள். இஞ்சி மொறப்பா ஒரு பொட்டலம் கையில் இருக்கட்டும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது முக்கியம். கப்பலில் சட்டென்று பரவுகிற நோரோ வைரஸ் வயிற்றுப்போக்குக்குக் கையில் தடவும் ஜெல் அவ்வளவு பலன் தராது.

ஆபத்துக் காலப் பயிற்சியை விளையாட்டாக எண்ணாதீர்கள். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. இதுதான் அபாயச் சங்கு. குழந்தை அளவு மிதவைச் சட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டு வையுங்கள். கட்டிலிலிருந்து கதவு வரை தரையில் செருப்புகூடக் கிடக்கக் கூடாது.

பினாங்கு விடிந்தது

முதல் நாள் ராத்திரியே அடுத்த நாளுக்கான பை, கற்பூரம், அத்தையின் மாத்திரை, குடிதண்ணீர், எல்லோருடைய அறை அட்டை அனைத்தையும் கதவோரக் கொக்கிகளில் மாட்டிவிட்டோம். செருப்புகள் கதவுக்குப் பக்கத்தில் வரிசையாக. காலையில் நான் தேடியது ஒன்றுமே இல்லை. ஊசி போட்டு, பலகாரம் சாப்பிட்டு, இறங்க அனுமதித்த முதல் கூட்டத்திலேயே நாங்கள் இருந்தோம்.

துறைமுகத்துக்கு வெளியே கொஞ்ச தூரத்தில் வெள்ளை மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி ஆட்சியின் 60 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். அதைப் பார்த்ததும் அத்தை நின்றுவிட்டார். "இது இருக்கு" என்றார். வேறு பேச்சு வரவில்லை. மகள்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடத்திப் போனாள்.

குவீன் தெருவில் 1833ல் எழும்பிய மகாமாரியம்மன் கோயில். நடை திறந்திருந்தது. அத்தை கற்பூரம் ஏற்றினார். அவருடைய அப்பாவின் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்தோம். அந்தப் பெயரை அவர் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. தட்டில் பூவை வாங்கிக்கொண்டு, "எங்கம்மாகிட்ட சொல்லணும்" என்றார். அவருடைய அம்மா போய் இருபது வருஷம் ஆகிறது. நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை.

வெயில் ஏறுவதற்குள் கப்பலுக்குத் திரும்பிவிட்டோம். அன்று மத்தியானம் அத்தை கட்டிலில் சாய்ந்துகொண்டு, பக்கத்தில் கொக்கியில் தொங்கிய தண்ணீர் பாட்டிலைக் கண்ணைத் திறக்காமலே கை நீட்டி எடுத்தார். அவர் அம்மாவின் கூஜா இருந்த இடம் அது!

வயதானவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போவதற்கு இடம் போதாது என்பது ஒரு காரணமே இல்லை, சகோதரிகளே. ஜன்னலில்லாத அறையும் போதும், முன்யோசனை இருந்தால். கிளம்பும் முன் உங்கள் கப்பல் அனுமதிக்கும் சாமான் பட்டியலை ஒருமுறை படியுங்கள். நாலு மஞ்சப்பையும் ஒரு டஜன் கொக்கியும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கொக்கிகளை எண்ணி எடுங்கள். கதவுக்குப் பின்னால் ஒன்று நிச்சயம் ஒளிந்திருக்கும்!