ஜன்னல மூடுலே!

சீசன் பிறந்துவிட்டால் தென்காசியில் எங்கள் வீட்டில் தினமும் ஒலிக்கும் வசனம் இது: "ஏலே, ஜன்னல மூடுலே... சாரல் அடிக்கு!"

அம்மா சொல்வது மரச்சட்டம் போட்ட நிஜ ஜன்னலை. ஆனால், குற்றமுள்ள நெஞ்சாச்சே... என் கை லேப்டாப்புக்குத்தான் போகும். அதில் திறந்து கிடந்த ஜன்னல்கள் முப்பத்தேழு. (எண்ணி முடிப்பதற்குள் இன்னும் மூன்று கூடிவிட்டது!)

2020 லாக்டவுனில் சென்னையிலிருந்து மூன்றே சட்டையோடு ஊர் வந்தவன் நான். பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று நினைப்பு. அந்தப் பத்து நாள் வருஷக்கணக்கில் நீண்டது. ஆபீஸில் எனக்கு இரண்டு மானிட்டர். வீட்டிலோ பதினாலு இஞ்ச் ஸ்கிரீன். அதற்குள் எக்ஸெல் ஆறு, மெயில், சாட், கரண்ட் பில், கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் சீசன் டயத்து பேரருவி மாதிரி ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். ஆல்ட்-டேப் தட்டித் தட்டியே அந்த இரண்டு கீயிலும் எழுத்து அழிந்து போச்சு.

மத்தளம்பாறை ஸோஹோவில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன். சாஃப்ட்வேர் எழுதிவிட்டுச் சாயங்காலம் சைக்கிளில் வீடு திரும்பும் புண்ணியவான். என் ஸ்கிரீனைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"வெர்ச்சுவல் டெஸ்க்டாப் தெரியாதாலே? ஐந்தருவி பாத்திருக்கேல்லா? மேல வார தண்ணி ஒண்ணுதாம்ல. பாறை அத அஞ்சா பிரிச்சு விடுது. ஆம்பிளைக்குத் தனி, பொம்பளைக்குத் தனி. இடிபடாமக் குளிக்கலாம்லா?"

கண்ட்ரோலையும் விண்டோஸ் கீயையும் பிடித்துக்கொண்டு 'டி' தட்டினான். முப்பத்தேழும் மாயம். பளிச்சென்று ஒரு காலி மேஜை! அதே இரண்டு கீயோடு அம்புக்குறியைத் தட்டினால் இந்த மேஜைக்கும் அந்த மேஜைக்கும் போய் வரலாம். ஆல்ட்-டேப் தட்டினாலும் அந்தந்த மேஜையில் இருப்பது மட்டும் வருமாம்.

யோசனை ஒன்றும் புதிசில்லை. 1986-லேயே ஜெராக்ஸ் கம்பெனியின் கலிபோர்னியா ஆராய்ச்சிக்கூடத்தில் ஆஸ்டின் ஹெண்டர்சன், ஸ்டூவர்ட் கார்டு என்ற இருவர் 'ரூம்ஸ்' என்று இதைச் செய்து காட்டிவிட்டார்கள். ஒரு வேலைக்கு வேண்டிய ஜன்னல்கள் ஓர் அறையில், அடுத்த வேலைக்கு அடுத்த அறை. பேப்பரை நகலெடுத்த கம்பெனி மேஜையையே நகலெடுத்துவிட்டது! ஆப்பிளில் 2007-லும், விண்டோஸில் 2015-ல் 'விண்டோஸ் 10' வந்தபோதும்தான் இது கூடவே சேர்ந்து வந்தது.

நானும் ஐந்தருவி மாதிரி ஐந்து மேஜை போட்டேன். முதலாவது கணக்கு. இரண்டாவது மெயில், சாட். மூன்றாவது பேங்க், பில் வகையறா. நாலாவது கிரிக்கெட். ஐந்தாவதுக்கு 'அப்புறம் பார்க்கலாம்' என்று பேரே வைத்தேன்.

அந்த ஐந்தாவதில்தான் ஒரு கடிதம் இருந்தது. "அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. தென்காசியிலிருந்தே வேலை செய்ய அனுமதி வேண்டும். முடியாது என்றால் இதையே என் ராஜினாமாவாக ஏற்றுக்கொள்ளவும்." அடித்து மூன்று மாசம். அனுப்பவும் இல்லை, மூடவும் இல்லை. அப்பாவை விட்டுப் போக மனசில்லை. சம்பளத்தை விடத் தைரியமில்லை.

ஒருநாள் வீடியோ மீட்டிங். முழு ஸ்கிரீனையும் ஷேர் செய்துவிட்டேன். நாலாவது மேஜையில் ஸ்கோர்! பதறிப்போய் இடது அம்புக்குப் பதில் வலது அம்பைத் தட்ட... பதினோரு பேர் முன்னால் பளிச்சென்று என் கடிதம்.

மயான அமைதி. கடைசியில் மேனேஜர் கேட்டார்: "இதை எனக்கு அனுப்பப் போறீங்களா, இல்ல இப்படியே படிச்சுக்கட்டுமா?"

அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அப்போதுதான் உறைத்தது. ஐந்தாகப் பிரித்தாலும் தண்ணீர் குறைவதில்லை. வெள்ளம் வந்தால் ஐந்தருவியிலும் குளிக்கத் தடைதான். கம்ப்யூட்டரும் அப்படித்தான். பக்கத்து மேஜையில் ஒளித்து வைத்த ஜன்னலும் மெமரியைத் தின்றுகொண்டேதான் இருக்கும். ஒரு மேஜையையே மூடிப் பாருங்கள்... அதிலிருந்த ஜன்னல்கள் மூடிக்கொள்ளாது. பக்கத்து மேஜைக்குத் தாவி வந்து உட்கார்ந்துகொள்ளும்!

கரண்ட் பில்லைக் கட்டிவிட்டால் அந்த ஜன்னல் எதற்கு? கட்டவில்லை, அதனால் திறந்திருக்கிறது. திறந்து கிடக்கும் ஜன்னல் என்றால் முக்கால்வாசி, நான் இன்னும் முடிவெடுக்காத விஷயம். நான் செய்ததெல்லாம் அவற்றை அழகாக அடுக்கி வைத்ததுதான்.

விடியற்காலை கடிதத்தை முறைப்படி அனுப்பிவிட்டு மூடினேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது: மாசத்தில் மூன்று வாரம் தென்காசி, ஒரு வாரம் சென்னை. சம்பளத்தில் கொஞ்சம் கை வைத்தார்கள். பரவாயில்லை. பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, மூன்று சட்டையும் இருக்கிறது.

இப்போது மேஜை இரண்டுதான். ஆபீஸ் ஒன்று, வீடு ஒன்று. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒவ்வொரு ஜன்னலையும் கேட்பேன்: "நீ முடிஞ்சியா? இல்ல, நான் பயந்துக்கிட்டு உன்னை வெச்சிருக்கேனா?"

இதை எழுதும்போதே உள்ளேயிருந்து அம்மா குரல்: "ஏலே, ஜன்னல மூடுலே!"

இரண்டையும் மூடிவிட்டேன்.