சோலைவரியும் திறந்த புத்தகமும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. கொடுப்பவனுக்கு மட்டுமன்றி வாங்குபவனுக்கும் அது பொருந்தும் என்பது எமது எண்ணம். வாங்குபவன் தான் அளந்த விதத்தைக் காட்டிவிட்டால் கொடுப்பவனுக்கு முகம் கோணுவதில்லை. அளவு தெரியாதபோதுதான் மனம் குமைகிறது. ஆண்டு பிறந்ததும் கண்டி நகரத்து வீடுகளுக்கு வந்து சேரும் சோலைவரிச் சீட்டைக் காணும்போதெல்லாம் எமக்கு இந்தப் பழமொழியே நினைவுக்கு வரும். பெயரிலே சோலை இருக்கிறது. அதன் நிழலில் மனம் குளிர்ந்தவர் எத்தனை பேர்?

வரியே கூடாது என்று வாதாட நாம் வரவில்லை. பொழுது புலருமுன் துடைப்பமும் கையுமாகத் தெருவில் இறங்கும் தொழிலாளரை நாம் அறிவோம். மஹியாவையின் நெருக்கமான குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, இந்நகரின் அழுக்கைச் சுமந்தவர்கள் நம்மவர்களே. அவர்களின் கூலி, தெருவிளக்கு, வடிகால், பொது நூலகம் ஆகிய எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அதனை நகரத்தாரே கொடுக்க வேண்டும் என்பது நியாயம். எவ்வளவு, எந்தக் கணக்கில், எதற்காக என்று கேட்பதும் அதே அளவு நியாயமாகும்.

இக்கேள்வி மலைநாட்டுக்குப் புதியதன்று. டொரிங்டன் பிரபு தேசாதிபதியாக இருந்த 1848 இல், நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் புதிய வரிகள் வந்தன. ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்ய வேண்டும், இயலாதவர் பணம் கட்ட வேண்டும் என்ற விதியும் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் மக்கள் கண்டியிலே திரண்டு முறையிட்டனர். மனம் ஆறும்படியான மறுமொழி கிடைக்கவில்லை. மாதம் முடிவதற்குள் மாத்தளையில் கலகம் மூண்டது. ஆகஸ்ட் 8 ஆம் நாள் வீர புரன் அப்பு இந்நகரிலே சுட்டுக் கொல்லப்பட்டான். 1850 இல் டொரிங்டனும் திருப்பி அழைக்கப்பட்டார். பின்னர் 1880களில், வலப்பனைப் பகுதியில் நெல்வரி நிலுவைக்காக ஏழை உழவர்களின் வயல்கள் ஏலத்திற்கு வந்தன. 1892 இல் அவ்வரியை நீக்கச் சட்டம் பிறந்தது. ஆயினும் இழந்த வயல்கள் திரும்பவில்லை. வரியின் பாரம் ஒரு பங்கு என்றால், அதனை விதிப்பவர்மீது நம்பிக்கையின்மை மற்றொரு பங்கு என்பதே இவ்வரலாறு கூறும் பாடம்.

கண்டிக்கு மாநகர சபை வாய்த்தது 1865 ஆம் ஆண்டின் சட்டத்தினால். நெடுங்காலம் அரசாங்க அதிபரே அதற்குத் தலைமை தாங்கினார். 1930களின் இறுதியிலேதான் சபை தன் நகரபிதாவைத் தானே தெரிவு செய்யும் நிலை வந்தது. இன்று நடைமுறையிலிருக்கும் 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால், குடிமகனுக்கு அதிலே பல கதவுகள் திறந்திருப்பதைக் காணலாம்.

வீட்டின் விற்பனை விலையை வைத்துச் சோலைவரி விதிக்கப்படுவதில்லை. அவ்வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டொன்றுக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அதுவே ஆண்டுப் பெறுமதி. அதில் இத்தனை வீதம் என்று சபை தீர்மானிக்கிறது. உதாரணமாக, ஆண்டுப் பெறுமதி 60,000 ரூபாவும் வீதம் பத்தும் என்றால் வரி 6,000 ரூபா. காலாண்டுக்கு 1,500 ரூபா. ஜனவரி 31 ஆம் திகதிக்குள் முழுத் தொகையையும் கட்டினால் பத்து வீதம் கழிவு உண்டு. அதாவது 600 ரூபா மிச்சம். மதிப்பீடு மிகை என்று எண்ணுபவர், அறிவித்தல் கிடைத்த ஒரு மாதத்திற்குள் எழுத்திலே ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதன் முடிவிலும் திருப்தி இல்லையாயின் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மதிப்பீட்டுப் புத்தகம் என்று ஒன்று இருக்கிறது. அதனை வரியிறுப்பாளர் எவரும் சென்று பார்வையிடலாம்.

சட்டம் இத்தனை கதவுகளைத் திறந்து வைத்திருக்கையில், மக்கள் ஏன் வாசலிலேயே நின்று விடுகிறார்கள்? எமது சின்னம்மா ஒருவரின் அனுபவம் இதற்கு விடையாகலாம். கண்டிக்கு அண்மையிலுள்ள ஒரு சிறு நகரில் அவர் தனியே வசிக்கிறார். ஓராண்டு அவரது வரி திடீரென்று உயர்ந்தது. அறிவித்தல் சிங்களத்தில் மட்டுமே இருந்தது; சின்னம்மாவோ தமிழ் மட்டுமே வாசிப்பார். கட்டத் தவறினால் வீட்டுச் சாமான்கள் பறிமுதலாகும் என்று அயலார் ஒருவர் வாசித்துச் சொல்லவே, மகன் மருந்துக்கென அனுப்பிய பணத்தை எடுத்துக் கட்டிவிட்டார். அடுத்த ஆண்டும் அப்படியே. கேட்டால் இன்னும் கூட்டிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு.

செய்தி அறிந்த நாம் அவரை அழைத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குச் சென்றோம். முதல் நாள் புத்தகத்தைக் காட்ட மறுத்தார்கள். மறுமுறை சட்டத்தின் பெயரைச் சொல்லி எழுத்திலே கேட்டோம். புத்தகம் வந்தது. வீட்டின் பின்புறத்தில் வாடகைக்கு விடக்கூடிய தனியறை ஒன்று இருப்பதாக அதிலே பதியப்பட்டிருந்தது. சின்னம்மா திகைத்தார்.

"ஐயா, அது விறகு போடுகிற தகரக் கொட்டில். கோழியும் அதற்குள்ளேதான் அடைகிறது" என்றார்.

இளைஞரான எழுதுவினைஞர் புன்னகையுடன், "இதை முதலிலேயே வந்து சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றார்.

"சொல்லலாம் என்று எனக்கு யார் சொன்னார்கள், தம்பி?" என்று கேட்டார் சின்னம்மா. அவரிடம் மறுமொழி இருக்கவில்லை.

மூன்று வாரத்தில் ஓர் உத்தியோகத்தர் வந்து கொட்டிலைத் திறந்து பார்த்துக் குறித்துச் சென்றார். அடுத்த ஆண்டு வரி குறைந்தது. குறைந்த தொகை பெரிதன்று. ஆனால் அன்று முதல் சின்னம்மா ஜனவரியிலேயே முழு வரியையும் கட்டிக் கழிவும் பெறுகிறார். புத்தகத்தைத் தம் கண்ணால் கண்ட பிறகு அவருக்குப் பயம் போய்விட்டது. பயம் போன இடத்திலே கடமை தானாக வந்து அமர்ந்தது.

இங்கே மொழியையும் மறக்கலாகாது. 1987 இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. தனக்கு விளங்காத மொழியில் வரும் வரிச்சீட்டு கேள்வி கேட்கும் வாயை முதலிலேயே அடைத்துவிடுகிறது.

வரிக்கும் வாக்குக்கும் உள்ள உறவும் எண்ணத் தக்கது. 2018 இல் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போயிற்று. 2025 மே 6 ஆம் திகதி வாக்களிப்பு நடைபெறும் வரை, இரண்டாண்டுகளுக்கு மேலாகக் கண்டி உட்பட நாட்டின் சபைகள் மக்கள் பிரதிநிதிகள் இன்றி உத்தியோகத்தர்களின் கையில் இருந்தன. அக்காலத்திலும் சோலைவரிச் சீட்டு தவறாமல் வந்தது, பணமும் வசூலாயிற்று. அதனை எங்கே செலவிட்டீர்கள் என்று கேட்பதற்கு வட்டார உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. தேர்தலை ஒத்திவைக்க முடிந்தவர்களுக்கு வரியை ஒத்திவைக்க மனம் வரவில்லை என்று எம் அயலார் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். வேடிக்கைக்குள்ளே வேதனையும் இருந்தது.

ஆயினும் நம் கையில் இன்னொரு கருவியும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. உள்ளூராட்சி மன்றங்களும் அதற்கு உட்பட்டவை. எம் தெருவில் வசூலான வரி எவ்வளவு, எம் வடிகாலுக்குச் செலவானது எவ்வளவு என்று எவரும் எழுதிக் கேட்கலாம். மன்றங்களின் கணக்குகளைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஆராய்கிறார். ஆனால், வரி கட்டியவர் கேளாதவரை அந்த அறிக்கைகள் அலுமாரியிலேயே உறங்கும்.

தமிழிலே "இறை" என்ற சொல்லுக்கு அரசன் என்றும் பொருள் உண்டு. அவனுக்குக் கொடுக்கும் வரி என்றும் பொருள் உண்டு. வாங்குபவனும் கொடுக்கப்படும் பொருளும் ஒரே சொல்லிலே கட்டுண்டிருப்பது சிந்திக்கத் தக்கது. வரி எப்படியோ அப்படியே ஆட்சி என்று அதற்கு நாம் பொருள் கொள்வோம்.

புதிதாகத் தெரிவான சபையாருக்கு எமது வேண்டுகோள் இது: சீட்டின் பின்புறத்தில், ஆண்டுப் பெறுமதி வந்த வழியை நாலு வரியில், இரு மொழியிலும் அச்சிடுங்கள். மதிப்பீட்டுப் புத்தகம் எங்கே, எத்தனை மணிக்குப் பார்க்கலாம் என்று வாசலிலே எழுதி வையுங்கள். இல்லத்தரசிகளுக்கும் ஒரு சொல்: கடைக்காரரிடம் நிறை குறைந்தால் தராசைத் திரும்ப வைக்கச் சொல்கிறீர்கள் அல்லவா? அந்தத் துணிவோடு இந்தப் புத்தகத்தையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, வரியைக் கட்டுங்கள்.