எதிர்த்திசையில் ஒரு பாய்க்கப்பல்

வட்டுக்கோட்டையிற் பிறந்த எனக்கு அமெரிக்கர் வந்த கதை மனப்பாடம். 1815 ஒக்ரோபரில் மசசூசெற்ஸ் மாநிலத்து நியூபரிபோர்ட்டில் பாய்க்கப்பலேறிய மிஷனரிமார் மறுவருடம் இலங்கை வந்தனர். 1823இல் எங்கள் ஊரிற் செமினறி தொடங்கிற்று. அதே மசசூசெற்சுக்கு எம்மவர் பாய்விரித்துச் சென்றதைப் பத்திரிகையிற் சேர்ந்த பின்னரே அறிந்தேன்.

வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ 89 அடி நீளமான இருபாய்மரக் கப்பல். அதை வாங்கிய அமெரிக்கர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயர் மாற்றினார். (பெயரையேனும் விட்டுவைத்திருக்கலாம்.) தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வை மாலுமிகளும் சுயஸ், மத்தியதரைக் கடல் வழியாக அதைக் கொண்டுசென்றனர். நீராவிக் கப்பல்கள் நெருக்கியடிக்கும் பாதை அது. பாயை நம்பிய கப்பலோ காற்று ஓய்ந்தால் விலகவும் இயலாது. மாதக்கணக்கில் அத்தளமே அவர்களுக்கு வீடும் அடுப்படியும். அத்திலாந்திக்கைக் கடந்து, நியூபரிபோர்ட்டுக்கு அண்மையிலுள்ள குளொஸ்ரர் துறைமுகத்தை 1938 ஆகஸ்ட் 1இல் அடைந்தனர்.

இதை முதன்முறை எழுதியபோது றொபின்சனின் பெயரைத் தலைப்பிலிட்டேன். மறுநாள் வல்வையிலிருந்து அலுவலகத்துக்கு வந்த முதியவர் ஒருவர், “தம்பி, கப்பலை ஓட்டினது ஆர்?” என்று மட்டும் கேட்டார். தம்பிப்பிள்ளையின் பெயர் என் செய்தியின் கடைசிப் பந்தியில் இருந்தது.