எச்சரிக்கை வரவில்லை என்றால் பிழையே இல்லையா?



என் பேத்தி பொறியியல் முதலாமாண்டு படிக்கிறாள். ஐந்து பாட மதிப்பெண்களைக் கூட்ட சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினாள். வீட்டு லேப்டாப்பில் 412 என்று சரியாக வந்தது. கல்லூரி லேபில் அதே புரோகிராம் ஏதோ ஏழு இலக்க எண்ணைக் காட்டியது. "கம்பைலர் ஒரு வார்னிங்கூடத் தரலையே தாத்தா! எனக்கு இந்தப் படிப்பே ஒத்து வராது போல" என்று அழுதுவிட்டாள்.

இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். மொத்தத்துக்கான மாறியை அறிவித்திருந்தாள். தொடக்க மதிப்பு தரவில்லை.

போன பீரியடில் எழுதியதை அழிக்காத கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபங்ஷனுக்குள் அறிவிக்கும் சாதாரண மாறிக்கு சி மொழி தானாகப் பூஜ்யம் போடாது. அந்த இடத்தில் ஏற்கெனவே கிடப்பதோடுதான் கூட்டல் நடக்கும். வீட்டில் தற்செயலாகப் பலகை சுத்தமாக இருந்தது, அவ்வளவே. ஃபங்ஷனுக்கு வெளியே அறிவிக்கும் மாறிக்கும், ஸ்டாடிக் மாறிக்கும் மட்டுமே பூஜ்யம் உறுதி.

கம்பைலர் ஏன் சொல்லவில்லை? ஜிசிசி கம்பைலரில் '-டபிள்யூ ஆல்' என்று கேட்டால்தான் இந்த எச்சரிக்கைகள் வரும். அதிலும் "ஒருவேளை மதிப்பு இல்லாமல் இருக்கலாம்" என்ற வகை, '-ஓ2' போல ஆப்டிமைசேஷனும் சேர்த்தால்தான் வேலை செய்யும். மாறி எந்த வழியில் மதிப்புப் பெறுகிறது என்ற ஆராய்ச்சி அப்போதுதான் நடக்கிறது. ஸ்கேன்எஃப்புக்கு மாறியின் முகவரியைக் கொடுத்தால், அது நிரப்பிவிடும் என்று கம்பைலர் நம்பிவிடும். எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டினால் மாறி நிரம்பாது, எச்சரிக்கையும் வராது.

வீண் எச்சரிக்கைகளும் உண்டு. அந்தத் தொல்லையால் 2020இல் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் கெர்னலின் வழக்கமான தொகுப்பில் இந்த "ஒருவேளை" வகையை நிறுத்தி வைத்தார். ஜாம்பவான்களையே தடுமாற வைக்கும் விஷயத்துக்கு முதலாமாண்டுப் பிள்ளை ஏன் மனம் உடைய வேண்டும்?

படிக்கும் பிள்ளைகளே, மாறியை அறிவிக்கும்போதே சரியான மதிப்பைக் கொடுங்கள். வார்னிங்கை அடக்குவதற்காக மட்டும் பூஜ்யம் போடாதீர்கள். அது உண்மைப் பிழையை மூடிவிடும். இரண்டு தேர்வுகளையும் சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

வகுப்பில் யாரும் சந்தேகம் கேட்காததால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று எந்த ஆசிரியரும் எடுத்துக்கொள்ள மாட்டார். கம்பைலரின் மௌனமும் அப்படித்தான்.

மென்பொருள் துறையில் இருக்கும் என் மாணவர்கள், தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதினால் இளையவர்களுக்கு உதவும். அனைவரும் நலமாக இருங்கள்.