வாங்கட்டோ சேர்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. கிற்றார் பற்றியது. அதற்காகத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள், பிள்ளைகளின் போன் வழியாகப் போகிற காசு பற்றியும்தான்.

போன மாதம் ஒரு பின்னேரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம். சாதாரண தரம் எழுதிவிட்டு மறுமொழிக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மாதா கோவில் பாடகர் குழுவில் கிற்றார் வாசிக்கிறவன். போனை நீட்டினான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் வாசிக்கிற வீடியோ. அவர் விற்கிற ஒலித்தொகுப்பு 20 டொலர். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 6000 ரூபா.

"வாங்கட்டோ சேர்? உங்கட கார்ட்டால கட்டினீங்களெண்டா நான் காசைத் தாறன்."

காசு அவன் கையிலேயே இருந்தது. இந்த முறை கச்சான் பிடுங்கப் போய்ச் சேர்த்தது. ஆயிரம் ரூபாத் தாள் ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஐந்நூறும் நூறும்.

"வேண்டாம்" என்று உடனே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கிற்றார் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மின் கிற்றாரின் கம்பி தனியாக எழுப்புகிற சத்தம் மிகக் குறைவு. அதை அம்பிளிபயர் பெருக்கும், அதற்குரிய ஸ்பீக்கர் பெட்டி வெளியே விடும். நாம் பாட்டில் கேட்கிற கிற்றார் ஒலியில் பெரும்பங்கு அந்த இரண்டிலிருந்தும்தான் வருகிறது. நல்ல அம்பிளிபயர் பாரமும் கூட, விலையும் கூட. அதனால் அவற்றின் ஒலியைக் கணினி முறையில் போலச்செய்கிற பெட்டிகள் வந்தன. மொடலர் என்பது அதுதான். லைன் 6 நிறுவனத்தின் பொட் 1998இல் வந்தது, கெம்பர் 2011இல், ஹீலிக்ஸ் 2015இல். இப்போது சாப்பாட்டுப் பெட்டி அளவிலேயே நிறையக் கிடைக்கின்றன. அவனிடம் இருப்பது கனடாவில் இருக்கிற மாமா வரும்போது கொண்டுவந்து கொடுத்த, பாவித்த பெட்டி. என்னிடம் இருப்பதும் பாவித்ததுதான்.

இசைக்கருவி விடயத்தில் எங்கள் ஆட்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது எனக்குத் தெரியும். அந்த விவாதத்தை இங்கே திறக்கவில்லை. வவுனியா கல்வியியற் கல்லூரி விடுதியில் நண்பன் ஒருவன் மூன்று கோர்ட் பழக்கிவிட்டான், அது கையை விட்டுப் போகவில்லை. இங்கே பேசுவது வீண்விரயம் பற்றி. அதில் எந்தச் சமயத்தவருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது.

இந்தப் பெட்டிகளுக்குக் காசுக்கு விற்கப்படுவது பொதுவாக மூன்று வகை.

ஒன்று, ப்ரீசெட். எந்த அம்பிளிபயர், கெய்ன் எவ்வளவு, பேஸ் எவ்வளவு, எக்கோ எவ்வளவு என்ற அளவுகளின் பட்டியல் மட்டும்தான் இது. பெட்டிக்குள் இல்லாத எதையும் இது கொண்டுவராது. சமையல் குறிப்பு மாதிரி. சாமான் எல்லாம் ஏற்கனவே எங்கள் குசினியில்தான் இருக்கிறது.

இரண்டு, இம்பல்ஸ் ரெஸ்பொன்ஸ், சுருக்கமாக ஐ.ஆர். ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் அதன் முன் வைத்த மைக்கும் ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதன் பதிவு. மிகச் சிறிய ஒலிக்கோப்பு. 48,000 மாதிரி வேகத்தில் 2048 மாதிரிகள் என்றால் ஒரு செக்கனில் ஏறத்தாழ 23இல் ஒரு பங்கு. ஸ்பீக்கர் செய்கிற செலஸ்ரியன் நிறுவனமே தன் ஸ்பீக்கர்களின் ஐ.ஆர். கோப்புகளை விற்கிறது.

மூன்று, உண்மையான அம்பிளிபயர் ஒன்றை அளந்து எடுத்த நகல். கெம்பர் பிரபலமாக்கியது இந்த முறையைத்தான். ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய நியூரல் அம்ப் மொடலர் என்ற மென்பொருள் இதே வேலையை இலவசமாகச் செய்கிறது. ஆட்கள் எடுத்த நகல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

தம்பி காட்டியது முதல் வகை. வெறும் ப்ரீசெட்.

இனி என் கதை. இரண்டு வருடத்துக்கு முதல் நானும் இப்படித்தான் ஒரு வீடியோவைப் பார்த்து மயங்கினேன். ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று தொகுப்பு வாங்கினேன். மொத்தம் 120 ஒலி. இன்றைக்கு அதில் பாவிப்பது இரண்டு. மிச்சம் எல்லாம் என் அறையில், தகரப் பேணிக்குள் தேனீ விட்ட மாதிரி இருந்தது. விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். அவருடைய இடத்தில் அது நல்ல ஒலிதான். என்னுடைய இடம் வேறு. அந்த மாதம் மகளுக்கு வாங்க வேண்டிய சப்பாத்து அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

ஏன் அப்படிப் போனது என்று பிறகுதான் படித்தேன்.

அவருடைய கிற்றாரில் இருந்தது ஹம்பக்கர் பிக்கப், என்னுடையதில் சிங்கிள் கொயில். பொதுவாக ஹம்பக்கரின் சிக்னல் பலமானது, ஒலியும் தடித்தது. அதற்கு அளந்து வைத்த கெய்ன் என் கிற்றாருக்குப் பொருந்தாது.

அடுத்தது சத்த அளவு. குறைந்த சத்தத்தில் எங்கள் காதுக்கு அடி ஒலியும் மிக உச்ச ஒலியும் சரியாகக் கேட்பதில்லை. பிளெச்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து 1933இலேயே வெளியிட்டார்கள். இரவில் பிள்ளை தூங்கும்போது மெல்லமாக வைத்துச் சரிபண்ணின ஒலி, மண்டபத்தில் பெரிதாக வைத்தால் அடியில் குமுறும், மேலே காதைக் குத்தும்.

பிறகு ஸ்பீக்கர். வழமையான 12 அங்குலக் கிற்றார் ஸ்பீக்கர் 5000 ஹேர்ட்ஸுக்கு மேல் வேகமாக விழுந்துவிடும். அதனால்தான் அதன் ஒலி சூடாக இருக்கிறது. எங்கள் கோவில்களிலும் பாடசாலைகளிலும் இருக்கிற ஒலிபெருக்கிப் பெட்டி அதற்கு மேலேயும் எல்லாவற்றையும் வெளியே விடும். மொடலரில் ஸ்பீக்கர் பகுதி சரியாக இல்லாவிட்டால் தேனீக்கூடுதான்.

கடைசியாக, அந்த வீடியோவில் கிற்றார் தனியாக இல்லை. பின்னால் ட்ரம்ஸ், பேஸ், சீர்செய்த கலவை எல்லாம் இருந்தது.

நான் கணிதம் படிப்பிக்கிறவன். பரீட்சை நெருங்கினால் பிள்ளைகள் நாலைந்து ரியூசனின் மொடல் பேப்பரை வாங்கி விடையைப் பாடமாக்குவார்கள். கேள்வியில் ஒரு எண்ணை மாற்றினால் கை நின்றுவிடும். வாங்கின ப்ரீசெட்டும் எனக்கு அதே மாதிரித்தான். விடை கையில் இருந்தது, வழி தெரியாது.

தம்பியிடம் இதையெல்லாம் ஒரு மூச்சில் சொல்லவில்லை. "சனிக்கிழமை பெட்டியைக் கொண்டு வா, அளந்து பாப்பம்" என்றேன். அதிபரிடம் கேட்டுப் பாடசாலை மண்டபத்தைத் திறந்தோம். அங்கே இருப்பதும் அவர்கள் கோவிலில் இருப்பது போன்ற ஒலிபெருக்கிதான். அந்த விற்பனையாளர் மாதிரிக்கு ஒரு ஒலியை இலவசமாகக் கொடுத்திருந்தார். அதை ஏற்றினோம். பக்கத்தில், பெட்டியோடு வந்த ஒலி ஒன்றை எடுத்து மூன்று மாற்றம் செய்தோம். கெய்னைக் குறைத்தோம், 5000 ஹேர்ட்ஸுக்கு மேலே வெட்டினோம், இலவச ஐ.ஆர். ஒன்றைப் போட்டோம்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். நான் மாற்றி மாற்றி வைத்தேன். பத்துத் தடவையும் விற்கிறவரின் ஒலியைத்தான் நல்லது என்றான்.

எனக்கே முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது. பிறகு போனில் இலவசச் சத்தமானி ஒன்றை இறக்கிப் பார்த்தோம். அவருடைய ஒலி சத்தம் கூட. அவ்வளவுதான் விடயம். இரண்டு ஒலியில் சத்தம் கூடியதைக் காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும். கடைக்காரர்களுக்கு இது பழைய பாடம். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து திரும்பச் செய்தோம். இந்தமுறை எது யாருடையது என்று சொல்லச் சொன்னேன். பத்தில் ஆறு சரி. நாணயத்தைச் சுண்டிச் சொன்னாலும் ஐந்து சரிவரும்.

இரண்டிலும் ஒரு குறை பொதுவாக இருந்தது. ஒலி மங்கலாக, உயிரில்லாமல். கிற்றாரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கம்பி முழுக்கத் துரு. கடற்கரையோரத்தில் வீடு, உப்புக் காற்று, கம்பி மாற்றி ஒரு வருடத்துக்கு மேல். எந்தத் தொகுப்பும் துருவைக் கழுவாது. புதுக் கம்பி ஒரு செட் அந்த 6000இல் பாதிக்கும் குறைவு.

நடுவில் அவனுடைய கூட்டாளி ஒரு வழி சொன்னான். "ரெலிகிராமில அந்த பெக் சும்மாவே கிடக்கு சேர்." அதற்கு மட்டும் நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். காசு கொடுக்க மனமில்லையென்றால் பாவிக்காமல் இருப்போம், களவெடுக்க வேண்டாம். அந்த வெளிநாட்டுக்காரரும் இருந்து உழைத்துச் செய்தவர்தான். கச்சான் பிடுங்கினவனுக்குக் கூலி கொடுக்காமல் விடலாமா என்று கேட்டேன். இரண்டு பேரும் பேசவில்லை.

காசு கொடுத்து வாங்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. நாளைக்கு நிகழ்ச்சி, இருந்து சரிபண்ண நேரமில்லை என்பவருக்கு ப்ரீசெட் நேரத்தை மிச்சம் பிடிக்கும். இந்த ஸ்பீக்கரின் ஒலிதான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கத் தெரிந்தவருக்கு ஒரு நல்ல ஐ.ஆர். காசுக்குப் பெறுமதி. என்னிடம் இன்றும் நிற்கிற இரண்டு ஒலியும் நல்லவைதான். ஆனால் வாங்குவதற்கு முதல், என்ன குறை என்று ஒரு வரியில் எழுத முடிய வேண்டும். எழுத முடியவில்லையென்றால் எங்களை இழுப்பது வீடியோதான். லைன் 6, பொஸ் போன்ற நிறுவனங்களின் பெட்டிகளுக்குப் பாவனையாளர்கள் இலவசமாகப் பகிர்கிற ஒலிகளும் உண்டு. முதலில் அவற்றைத் திறந்து, எந்தக் குமிழ் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

பெற்றோருக்கும் இதைத்தான் சொல்ல வந்தேன். ப்ரீ பயர் டயமண்டாக இருந்தாலும் மொடல் பேப்பராக இருந்தாலும், பிள்ளையிடம் "ஏன் வாங்குறாய்" என்று அதட்டாமல், "இது இல்லாததால உனக்கு எது ஏலாமல் இருக்கு" என்று கேட்டுப் பாருங்கள். சில நேரம் நியாயமான பதில் வரும்.

இனி, முதலில் ஏன் "வேண்டாம்" என்ற சொல் வாயில் வரவில்லை என்பது.

மண்டபத்தைப் பூட்டிவிட்டு வரும்போது என் மூன்று தொகுப்புக் கதையைத் தம்பியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான், "அப்ப நீங்க வாங்கிப் பாத்துத்தானே சேர் இதெல்லாம் படிச்சனீங்க?"

அவன் வந்த அன்றே இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்திருந்தேன். மாதச் சம்பளம் வருகிற எனக்குப் பிழைவிட்டுப் படிக்க இடம் இருந்தது. வெயிலில் குனிந்து நின்று உழைத்தவனுக்கு அந்த இடத்தை நான் மறுக்கலாமா? 1990இல் வாப்பா எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனவர். புத்தளத்தில் ஒவ்வொரு சதத்தையும் எண்ணித்தான் எங்களை வளர்த்தார். எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவனுக்கு ஒரு பிழை எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். ஒரு பிழையும் விட இடமில்லாமல் வளர்வதும் பாரம்தான்.

"ஓம், அப்படித்தான் படிச்சனான்" என்றேன். "உன்ர காசு, உன்ர முடிவு. கம்பியை மாத்திப்போட்டு ஒரு மாதம் வாசி. அதுக்குப் பிறகும் குறை இருந்தா ஒரு வரியில எழுதிக்கொண்டு வா. என்ர கார்ட்டாலேயே கட்டுறன்."

கம்பி மாற்றிவிட்டான். திருவிழாப் பூசையில் வாசித்தானாம். நேற்று ஒரு துண்டுக் கடதாசியோடு வந்தான். அதில் எழுதியிருந்தது: "தனியா வாசிக்கிற இடத்தில பாட்டுக்காரரின்ர சத்தத்துக்குள்ள கிற்றார் அமுங்குது."

இது ஒரு குறை. பெயர் சொல்லத் தெரிந்த குறை. இதற்கு ப்ரீசெட் தேவையில்லை. நடு ஒலியைக் கொஞ்சம் தூக்கி, அந்த இடத்தில் மட்டும் சத்தத்தைக் கூட்ட மிதிக்கட்டையில் ஒரு ஏற்பாடு செய்தால் போதும் என்று நினைக்கிறேன். வருகிற சனிக்கிழமை பார்ப்போம். சரிவராவிட்டால், சொன்ன சொல் சொன்னதுதான், இன்ஷா அல்லாஹ் கார்ட்டைக் கொடுப்பேன்.

உங்கள் வீடுகளில் இப்படியான கேள்விகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கீழே எழுதுங்கள். பாவிக்காத, துருப்பிடிக்காத கம்பி செட் யாரிடமாவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். எங்கள் பக்கம் கிற்றார் பழகுகிற பிள்ளைகள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்.