கற்பிட்டியிலிருந்து புறப்பட்ட தூண்டிற்கோல்

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் பெருவீதியில், பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பினால், ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரம் இரு நீர்களுக்கிடையே ஓடும் வீதியொன்று கிடைக்கும். மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளக் களப்பு. உப்பளங்களைக் கடந்ததும் வெண்மணலில் வெங்காயப் பாத்திகள் தோன்றும். தென்னைகளுக்கிடையே கழுதைகள் எவருக்கும் அஞ்சாமல் உலாவும். நுரைச்சோலையில் 2011ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும், அதற்கப்பால் காற்றாடிக் கோபுரங்களும், தலவிலையில் புனித அன்னம்மாள் தேவாலயத்துக்குச் செல்லும் கிளைவீதியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோக, பஸ் வண்டி கற்பிட்டியை அடைகிறது. ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டிலே கட்டிய கோட்டை அங்கே களப்பின் வாயிலைப் பார்த்தபடி இன்றும் நிற்கிறது.

நாம் சென்றது கோட்டையைப் பார்ப்பதற்கன்று. ஒரு தூண்டிற்கோலை எடுத்துவர.

கற்பிட்டியிற் பிறந்து, முப்பது ஆண்டுகளாக இலண்டனில் வாழும் நண்பர் ஒருவர் எமக்குண்டு. அவருடைய வாப்பா பாடசாலை ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் அசருத் தொழுகைக்குப் பின் களப்போரத்தில் தூண்டில் போடுவது அவருக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு. வாப்பா காலமாகிவிட்டார். வீடும் விலைபேசப்பட்டு, மாத முடிவில் கைமாறவிருந்தது. “வீட்டிலுள்ள வேறெதுவும் எனக்கு வேண்டாம். வளையிலே வாப்பாவின் கோல் கிடக்கும், அதை மாத்திரம் அனுப்பிவிடுங்கள்” என்று நண்பர் எழுதியிருந்தார்.

இந்தப் பணியை ஏற்க எமக்குத் தயக்கம் இருந்தது. காரணத்தை ஒளிக்காமற் கூறுகிறோம். இரண்டாண்டுகளுக்கு முன் இதே நண்பருக்குக் கொழும்பில் ஒரு புதுக்கோல் வாங்கி, கடைக்காரர் தந்த அட்டைப் பெட்டியிலேயே அனுப்பிவைத்தோம். போய்ச் சேர்ந்தபோது அதன் நுனி நான்கு அங்குலம் முறிந்திருந்தது. அது கடையிலே மறுபடியும் வாங்கக்கூடிய பொருள், வருத்தத்தோடு போயிற்று. இது அப்படிப்பட்டதன்று.

வீட்டின் திறப்பு அயல்வீட்டு நானாவிடம் இருந்தது. கரைவலைத் தொழிலில் நாற்பதாண்டுகள் கழித்த முதியவர் அவர். ஏணி வைத்து ஏறி, சிலந்தி வலைகளைத் துடைத்து, கோலை இறக்கித் தந்தார். எட்டடிக் கோல், கண்ணாடி இழையாலானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான் இவ்வகைக் கோல்கள் மூங்கிற் கோல்களுக்குப் பதிலாகப் பரவலாயின. கரிம இழைக் கோல்கள் வந்தது 1970களில். கரிமம் எடை குறைந்தது. ஆயினும், பக்கவாட்டில் ஓர் அடி பட்டால் கண்ணுக்குத் தெரியாத காயம் உண்டாகி, பின்னொரு நாள் மீன் இழுக்கும்போது அந்த இடத்திலேயே முறியும். அது மின்சாரத்தையும் கடத்தும். மின்கம்பிகளுக்குக் கீழே அதை நிமிர்த்திக்கொண்டு நடப்பவர் உயிரோடு விளையாடுகிறார். வாப்பாவின் கோல் கண்ணாடி இழை என்பதில் எமக்குச் சற்று ஆறுதல்.

அந்த ஆறுதல் நெடுநேரம் நிலைக்கவில்லை. இரண்டு துண்டுகளாகப் பிரியவேண்டிய கோல் பிரிய மறுத்தது. நடுவிலுள்ள பித்தளைப் பொருத்து, களப்பின் உப்புக்காற்றிற் பல்லாண்டு கிடந்து, பச்சை பூத்து இறுகிப் போயிருந்தது. எட்டடி என்றால் 244 சென்ரிமீற்றர். அவ்வளவு நீளமான பொதியைத் தபாலில் ஏற்கமாட்டார்கள். நாடுகளுக்கிடையே செல்லும் பொதிகளுக்கு மிகத் தாராளமான எல்லையே 2 மீற்றர்தான். ஒன்றரை மீற்றரோடு நிறுத்திக்கொள்ளும் நாடுகளும் உண்டு, 1.05 மீற்றருக்குமேல் ஏற்காத நாடுகளும் உண்டு.

முறுக்கிப் பார்க்கலாம் என்று கைவைத்தோம். நானா தடுத்தார். “தம்பி, முறுக்காதீங்க. முறுக்கினா வளையம் எல்லாம் பிடுங்கிட்டு வரும். பொறுங்க” என்று கூறிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

திரும்பி வந்தபோது, மீன் இறக்கும் துறையிலிருந்து ஒரு சாக்கில் நொறுக்கிய ஐஸ் கொண்டுவந்தார். பொருத்தின் விளிம்பிலே இரண்டு துளி மண்ணெண்ணெய் விட்டு, அரைமணி நேரம் ஊறவைத்தோம். பின்னர் பொருத்தை ஐஸுக்குள் புதைத்துக் கால்மணி நேரம் காத்திருந்தோம். வெளியே எடுத்ததும், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வெளிப்பித்தளையின்மீது மாத்திரம் சுற்றினார் நானா. உள்ளே இருப்பது குளிர்ந்து சுருங்கியிருக்க, வெளியே இருப்பது சூடேறி விரியும் என்பது கணக்கு. நாம் எதிரெதிரே நின்றோம். ஒவ்வொருவரும் பொருத்தின் இப்புறம் ஒரு கையும் அப்புறம் ஒரு கையுமாகப் பிடித்துக்கொண்டு, நேர்க்கோட்டில் ஒரே சமயத்தில் இழுத்தோம். ஒருவர் ஒரு முனையையும் மற்றவர் மறு முனையையும் பிடித்து இழுத்தால் இழுவை கோணலாகிக் கோல் வளைந்துவிடும் என்று நானா எச்சரித்திருந்தார். முதல் முறை அசையவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மறுபடி ஐஸ், மறுபடி வெந்நீர். மூன்றாம் முறை ‘டப்’ என்று ஓர் ஓசை கேட்டது. கோல் முறிந்துவிட்டதென்றே கண்ணை மூடிக்கொண்டோம். திறந்து பார்த்தால், நானாவின் கையில் ஒரு துண்டு, எமது கையில் ஒரு துண்டு.

இனிக் கட்டும் வேலை. இந்தக் கரையோரத்து மக்களுக்குப் பொருளைக் கட்டி ஏற்றுவதை எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று எழும்பி மேற்குக்கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும், உடப்பு, சிலாபம் முதலிய இடங்களிலிருந்து வலை, கயிறு, பாத்திரம் பண்டங்களுடன் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் பெயர்ந்து சென்று, காற்று மாறியதும் திரும்பிவருவது இங்குள்ள தொழிலாளர் பலரின் வழக்கம். நானாவும் பலமுறை சென்றவர். கோல் முறிவது எப்படியென்று எமக்கு ஒரே நிமிடத்தில் விளக்கினார். மேலிருந்து விழும் பாரத்தினால் முறிவது குறைவு. பொதியைச் செங்குத்தாக நிலத்தில் வைக்கும்போது உள்ளேயிருக்கும் கோல் ஈட்டிபோல் இறங்கி மூடியிலே குத்தும். நுனி அங்கேதான் போகும். எமது பழைய கோல் இழந்த நான்கு அங்குலத்துக்கும் அதுவே காரணமாயிருந்திருக்கும்.

முதலில் நன்னீரால் உப்புப் போகக் கழுவி நிழலில் உலர்த்தினோம். ரீலைக் கழற்றி வேறாக வைத்தோம். நைந்துபோயிருந்த தங்கூசியை அறுத்தெறிந்தோம். இரண்டு துண்டுகளையும் தலைமாறி அடுக்கி, மெல்லிய நுனி தடித்த கைப்பிடியின் ஓரத்தில், அதனினும் இரண்டங்குலம் உள்ளடங்கி நிற்குமாறு வைத்து, பழைய சாரத்திற் கிழித்த துணிநாடாவால் மூன்றிடத்திற் கட்டினோம். றப்பர் வளையம் போடலாமே என்றோம். வெயிலில் உருகி மெருகிலே ஒட்டிவிடும் என்றார். பின்னர் முழுவதையும் துணி உறையில் இட்டோம்.

அடுத்தது குழாய். கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடையிலே தண்ணீர் வடிகாலுக்குப் போடும் பிளாஸ்டிக் குழாய் கிடைத்தது. 110 மில்லிமீற்றர்க் குழாய் உறுதியானது என்று கடைக்காரர் வற்புறுத்தினார். நாம் 75 மில்லிமீற்றரே போதுமென்றோம். இங்கே வாசகர் ஒரு கணக்கைக் கவனிக்கவேண்டும். ஆகாயமார்க்கமாகப் பொதி கொண்டுசெல்லும் தனியார் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரிற் பெருக்கி 5000ஆல் வகுத்து, வரும் தொகையையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, பெரியதற்கே பணம் கேட்பது அவர்களிடம் பெருவழக்கு. 136 சென்ரிமீற்றர் நீளமும், 18 சென்ரிமீற்றர் அகலமும் உயரமும் கொண்ட அட்டைப் பெட்டியில் வைத்தால், உள்ளே பஞ்சே இருந்தாலும் 8.8 கிலோவுக்குரிய கட்டணம். மூடியோடு சேர்த்து 8.5 சென்ரிமீற்றர் தடிப்புள்ள குழாயில் வைத்தால், அதே கோல் 2 கிலோவுக்குள் அடங்கும். வெற்றிடத்துக்கு வாடகை கொடுப்பதுபோன்ற வீண்செலவு வேறில்லை. கட்டணத்தை ரூபாவிற் கூறாது விடுகிறோம். இன்று சரியாயிருப்பது நாளை பிழையாகும்.

இதனினும் மலிவான வழியொன்றைக் கடைக்காரர் கூறினார். சர்வதேசத் தபால் ஒன்றியத்தின் விதிப்படி, 2 கிலோவுக்கு மேற்படாத சுருட்பொதி, 90 சென்ரிமீற்றர் நீளத்துக்குள்ளும், நீளமும் விட்டத்தின் இருமடங்கும் சேர்ந்து 104 சென்ரிமீற்றருக்குள்ளும் இருந்தால், கடிதத் தபாலுடனேயே செல்லலாம். மூன்றாகவோ நான்காகவோ பிரியும் கோல் வைத்திருப்போருக்கு இது பெரிய வாய்ப்பு. எமது கோலின் துண்டு ஒவ்வொன்றும் நாலடிக்கு மேல். “கைப்பிடியிலும் நடுவிலும் ஒவ்வொரு வெட்டு வெட்டினால் சரி, அங்கே போய் ஒட்டிக்கொள்ளட்டுமே” என்றார் அவர், வாளையும் கையில் எடுத்தபடி. கைப்பிடித் தக்கையிலே, வாப்பாவின் பெருவிரல் பல்லாண்டு அழுந்திய இடம் பள்ளமாய்த் தெரிந்தது. நாம் குழாயை மட்டும் வெட்டித் தரச்சொன்னோம்.

குழாயின் இரு முனைகளிலும் அடைப்பதற்குத் தும்பு வேண்டியிருந்தது. தென்னை வளரும் மாவட்டத்தில் தும்புக்கா பஞ்சம்! மும்முரமாகத் திணித்து, குலுக்கிப் பார்த்து, ஓசை அடங்கும்வரை மேலும் திணித்தோம். ஒருபக்க மூடியைப் பசையிட்டு ஒட்டினோம். மறுபக்கத்தை ஒட்டாமல் இரண்டு திருகாணியால் இறுக்கி நாடா சுற்றினோம். சுங்கத்தார் திறந்து பார்க்க விரும்பினால் வழியிருக்கவேண்டும். இல்லையேல் அவர்கள் வாளைத்தான் தேடுவர். குழாயின் மேல் இரண்டிடத்திலும், உள்ளே துணியுறையில் ஒரு சீட்டிலுமாக முகவரி எழுதினோம்.

திரும்பும் வழியில் பஸ் நடத்துநர் குழாயைச் சந்தேகத்தோடு பார்த்தார். தூண்டிற்கோல் என்றோம். “இவ்வளவு பாதுகாப்பா? என்ன மீன் பிடிக்கும்?” என்று கேட்டார். எமக்குத் தெரியவில்லை. நானாவின் கூற்றுப்படி, ஒருமுறை ஏழு இறாத்தல் கொடுவா பிடித்ததாம். மற்ற நாட்களிற் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வாப்பா வீடு திரும்புவாராம்.

கொழும்பிலே தனியார் நிறுவனம் ஒன்றிலும் தபாற்கந்தோரிலும் விலை கேட்டோம். அவசரமில்லையாதலால் தபாற்பொதியே மலிவாயிற்று. நீளத்தை அளந்து பார்த்து எடுத்துக்கொண்டார்கள். நிறுத்தபோது முள் ஒன்றரைக் கிலோவைத் தொடவில்லை.

ஐந்து வாரங்கள் ஒரு செய்தியும் இல்லை. ஆறாம் வாரம் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். சுங்கத்தார் திருகாணியைக் கழற்றிப் பார்த்து, மறுபடி பூட்டியும் இருந்தார்களாம். கோலுக்கு ஒரு கீறலும் இல்லை. குழாயைத் திறந்ததும் தும்பு வாசம் அறை முழுவதும் பரவியதாம். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பின்னர், குழாயை வெளியே எறியவேண்டாமென்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருப்பதாகக் கூறினார். அடுத்த மார்கழியில் கற்பிட்டிக்கு வரும்போது, கோலை அதே குழாயில் வைத்துக் கொண்டுவரப் போகிறாராம். நானாவைத் தும்பு எடுத்துவைக்கச் சொல்லும்படி எம்மிடம் கேட்டுக்கொண்டார்.