அம்மியும் இரண்டு கத்திகளும்



ஒரு மௌலவி இறைச்சி அரைப்பதைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று சிரிக்க வேண்டாம். அறபுக் கல்லூரி விடுதியில் ஏழு வருடங்கள் இருந்தும் எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசையாக இருந்தார்கள் என்று ஆயிஷா (றழி) அவர்கள் அறிவித்திருப்பதை எத்தனையோ வகுப்புகளில் படிப்பித்திருக்கிறேன். நானே அதை அடுப்படியில் படித்தது 2022ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளன்றுதான்.

அந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் மாதக் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே பெற்றோலும் டீசலும் என்று அரசாங்கம் அறிவித்தது. காஸ் சிலிண்டரைக் கண்ணால் காண முடியவில்லை. மின்வெட்டு வேறு. பாடசாலைகளும் மூடிக் கிடந்தன. ஈச்சிலம்பற்றில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் காணியும் அதையொட்டி ஒரு சிறிய வீடும் உண்டு. சிறுபோக வெள்ளாமையைப் பார்க்கவென்று உம்மா, மனைவி, பிள்ளைகளோடு அங்கே போன நான், தோப்பூருக்குத் திரும்ப எண்ணெய் கிடைக்காமல் அங்கேயே தங்க நேர்ந்தது.

ஜூலை 10ஆம் திகதி பெருநாள். நான் மட்டும் சுபஹுக்குப் பின் சைக்கிளில் தோப்பூருக்குப் போய்ப் பெருநாள் தொழுதேன். எங்கள் பங்கு உழ்ஹிய்யா இறைச்சியை, மீன்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, பின்கரியரில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

வந்த பிறகுதான் பிரச்சினை. உம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றுமில்லை. கட்டுப்பல்லும் ஒத்துவரவில்லை. முந்திய இரண்டு பெருநாளும் அவர் ஆணத்தை மட்டும் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, இறைச்சித் துண்டைப் பீங்கான் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறார். அதை என் மனைவி கண்டிருக்கிறார். மகனாகிய நான் காணவில்லை! இந்த முறை இறைச்சியை அரைத்து உருண்டை செய்து கொடுப்பது என்று இருவருமாக முடிவு செய்திருந்தோம். ஆனால் எங்களிடம் இருந்த கிரைண்டரோ தோப்பூர் வீட்டில்.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார், தமிழ்க் குடும்பம். மனைவி போய் அம்மி கேட்டார். அக்கா தன் மகனிடமே கொடுத்தனுப்பினார். அவன் கல்லைத் தோளில் சுமந்து வந்து எங்கள் முற்றத்தில் இறக்கினான். 2006இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து, அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அவர்கள் வீட்டில் மிஞ்சிக் கிடந்த சாமான் அந்தக் கல் ஒன்றுதானாம். பாரமென்று எவரும் தூக்கிப் போகவில்லை.

மனைவி இறைச்சியைத் துண்டு போட்டுக் கல்லருகே கொண்டு வந்தார். திண்ணையில் இருந்த உம்மா கேட்டார்:

“புள்ள, என்ன அரைக்கப் போறண்டு அவக்கிட்டச் சொன்னயா?”

“இல்ல மாமி. கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல.”

நான் குறுக்கிட்டேன். “கழுவினாச் சுத்தமாயிடும்தானே உம்மா?” சட்டம் படித்தவன் அல்லவா!

உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “உங்களுக்குச் சுத்தம். அவவுக்கு? அவங்க மாடு தின்ன மாட்டாங்க. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் படைக்கிறதுக்கு அரைக்கிற கல்லு மகன் இது. அமானிதமாத் தந்திருக்கா.”

பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் என் உம்மா. எனக்கு வாயில் பதில் இல்லை. அந்த அம்மியில் இஞ்சி, உள்ளி, பெருஞ்சீரகம், கொச்சிக்காய் மட்டும் அரைத்தோம். இறைச்சிக்கு வீட்டில் இருந்தது இரண்டு கத்திகள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கத்தியால் கொத்திய இறைச்சி மெஷினில் அரைத்ததை விடக் குறைந்ததல்ல. உண்மையில் நன்றாகவே இருக்கும். மெஷின் இறைச்சியை நசுக்கித் தள்ளும், கத்தி வெட்டும். அதனால் சாறு உள்ளேயே நிற்கும். முதலில் வெள்ளைச் சவ்வையும் நரம்பையும் பொறுமையாக எடுத்துவிடுங்கள். இதில் சோம்பல்பட்டால் பிறகு எவ்வளவு கொத்தினாலும் பல்லில் நார் சிக்கும். கொழுப்பைக் கொஞ்சம் விடலாம். இறைச்சி நல்ல குளிராக, பாதி உறைந்ததுபோல் இருக்க வேண்டும். சூடேறிய இறைச்சி கத்தியோடு வழுக்கிக்கொண்டு போகும். எனக்கு அந்த ஐஸ் பெட்டி கை கொடுத்தது. மெல்லிய தகடாக வெட்டி, தகடுகளை நீளவாக்கில் கீற்றாக்கி, கீற்றுகளைக் குறுக்கே பொடியாக நறுக்குங்கள். அதன் பிறகு இரண்டு கைகளிலும் கத்தி பிடித்து மாறி மாறிக் கொத்த வேண்டும். பரவியதைக் கத்தியாலேயே வழித்து மடித்துப் போட்டு மறுபடி கொத்த வேண்டும். பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. வெங்காயத்தைக் கடைசியில் சேருங்கள், முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுவிடும். அரைக் கிலோவுக்கு எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. பழகிய கைக்கு அவ்வளவு தேவையில்லை.

கட்லட், ரோல்ஸ் என்றால் இவ்வளவு பாடும் வேண்டாம். இறைச்சியைத் தண்ணீர் வற்றும்வரை அவித்து, ஆறியதும் நார் நாராகப் பிய்த்து இடித்தால் போதும். வட இந்தியாவின் ஷாமி கபாபும் இந்த வகைதான். கடலைப்பருப்போடு அவித்து அரைப்பார்கள், பருப்பே பசையாக நின்று பிடித்துக்கொள்ளும். சிரியாவிலும் லெபனானிலும் கிப்பே செய்யும் பெண்கள் பச்சை இறைச்சியைக் கல் உரலில் இடித்துத்தான் பதமாக்கி வந்தார்கள். அந்த உரலை ஜுர்ன் என்பார்கள். பிளெண்டரில் போடுகிறவர்கள் சிறிது சிறிதாகப் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் களியாகும், மோட்டரும் எரியும்.

இறைச்சி அரைக்கும் மெஷினைக் கண்டுபிடித்தவர் என்று ஜேர்மனியைச் சேர்ந்த கார்ல் ட்ரைஸ் என்பவரைச் சொல்வார்கள். சைக்கிளுக்கு முன்னோடியான இருசக்கர வண்டியை 1817இல் ஓட்டிக் காட்டியவரும் அவரேதான். அன்று அவருடைய ஒரு கண்டுபிடிப்பின் வழிவந்தது என்னைச் சுமந்து வந்தது, மற்றது கைக்கு எட்டவில்லை!

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். முழுத் துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்புறத்தில்தான் இருக்கும். அரைத்தாலும் கொத்தினாலும் அது உள்ளே எல்லாம் கலந்துவிடும். 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத அரைத்த மாட்டிறைச்சியைச் சாப்பிட்டு எழுநூறு பேருக்கு மேல் நோயுற்றார்கள், நான்கு பிள்ளைகள் இறந்துபோனார்கள். நடுப்பகுதி 71 பாகை செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும் என்பது அந்நாட்டு விவசாயத் திணைக்களத்தின் அறிவுரை. அந்தச் சூட்டை அளக்கும் கருவி நம் அடுப்படியில் ஏது? உருண்டை சிறிதாக இருக்கட்டும், ஆணம் நன்றாகக் கொதிக்கட்டும், ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு இறக்குங்கள். வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் உள்ள வீட்டில் இதில் விளையாட்டு வேண்டாம். கத்தி, பலகை, கை மூன்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த சாமானைத் தொடுங்கள்.

அன்று உம்மா மூன்று உருண்டைகள் சாப்பிட்டார். நான்காவதைக் கையில் எடுத்துக்கொண்டு, “உப்புக் கொஞ்சம் கூடப் போட்டிருக்கலாம்” என்றார்.

மறுநாள் அம்மியைக் கழுவி, ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தோடு திருப்பிக் கொடுக்கப் போனோம். மனைவி நடந்ததை மறைக்காமல் சொன்னார். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. கல்லை ஒருமுறை தடவிப் பார்த்தார். “சொல்லாம அரைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது தங்கச்சி” என்றார். பிறகு உள்ளே போய், வட்டிலப்பக் கிண்ணத்தில் முருங்கைக்காய்களை நிற்க வைத்துக் கொண்டு வந்து தந்தார்.

இப்போது வயல் வீட்டில் எங்களுக்கென்று ஓர் அம்மி வாங்கிப் போட்டிருக்கிறோம். இறைச்சிக்கு இன்னமும் கத்திதான். கொத்துவது நான்.